யூனிட்டிலிருந்து கடிதம் வந்தால்: ராமநாதபுரம் கரைப் படைவீரருக்கும் வீட்டாருக்கும்

தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊரில் யார் வீட்டுக்காவது இந்தியிலோ ஆங்கிலத்திலோ பட்டாளத்துக் கடிதம் வந்தால், அது கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேரும். நான் தரைப்படையில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவன். துப்பாக்கியைத் தொட்டதைவிட டைப்ரைட்டரைத் தொட்டதுதான் அதிகம். சார்ஜ் ஷீட், விளக்கம் கேட்கும் நோட்டீஸ், கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) குறிப்பு என்று எத்தனையோ என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. எவன் தப்பித்தான், எவன் மாட்டினான் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குற்றம் பெரிதா சிறிதா என்பதைவிட, முதல் பத்து நாளில் பையனும் வீட்டாரும் கையில் என்ன காகிதம் வைத்திருந்தார்கள் என்பதுதான் பாதி வழக்கைத் தீர்த்தது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் மூன்று மாதம் கழித்து, போலீஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் வருகிறார்கள்.

புதிதாகப் படையில் சேர்ந்தவர்களும், பிள்ளையை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டியதை, வேலை நடக்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்

உச்சிப்புளியில் இருக்கும் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மண்டபத்தில் இருப்பது கடலோரக் காவல்படை. வெளியாளுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் வெள்ளைச் சட்டைதான். சட்டம் வேறு. கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம், கடலோரக் காவல்படைக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம். தரைப்படைக்கும் விமானப்படைக்கும் 1950இல் வந்த தனித்தனிச் சட்டங்கள்.

இது முக்கியம், ஏனென்றால் போய் முறையிடும் இடமே மாறிவிடும். முப்படைக்காரர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று சென்னையில். கடலோரக் காவல்படை, எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் ஆட்களுக்கு அந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நம் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. மண்டபத்துப் பையன் ஒருவனின் வழக்கைச் சென்னைத் தீர்ப்பாயத்தில் போடலாம் என்று ஒரு வக்கீல் சொல்லி, அதிலேயே ஐந்து மாதம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்னிவீர் தம்பிகள் ‘நாலு வருஷம்தானே, நமக்கு இதெல்லாம் வராது’ என்று நினைக்க வேண்டாம். சேர்ந்த நாள் முதல் அதே சட்டம்தான். உங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு என்பதால், ஒரு வாரம் பிந்தினாலும் கண்ணில் படும்.

இனி நான் எண் சொல்லும் பிரிவுகளும் விதிகளும் தரைப்படைக்குரியவை, அதாவது 1950ஆம் ஆண்டுச் சட்டமும் 1954ஆம் ஆண்டு விதிகளும். மற்றப் படைகளில் எண்ணும் நடைமுறையும் மாறும். அந்தப் படையின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவு முடிந்தும் திரும்ப முடியவில்லை என்றால்

இந்தக் கரையிலிருந்து என் திண்ணைக்கு வரும் பத்தில் ஏழு வழக்கு இதுதான். ஓஎஸ்எல் என்பார்கள். லீவு முடிந்த பிறகும் தங்கிவிடுவது.

சட்டத்தின் 39ஆவது பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘போதுமான காரணம் இல்லாமல்’ லீவைத் தாண்டி இருப்பதுதான் குற்றம். அந்த மூன்று சொல்லில்தான் உங்கள் உயிர் இருக்கிறது. காரணம் இருந்தால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்.

தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் எங்கள் யூனிட்டில் இருந்தான். லீவில் வந்த இடத்தில் அவன் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. வீட்டில் வேறு ஆண் துணை இல்லை. மீன்வளத்துறை அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் என்று அலைந்ததில் 19 நாள் பிந்திவிட்டது. ஆனால் அவன் அம்மா கெட்டிக்காரி. ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருந்தார். கமாண்டிங் ஆபீசர், அதாவது சிஓ, அந்த ரசீதுகளைத் தேதி வாரியாகப் புரட்டினார். பையனைக் கண்டித்து அனுப்பியதோடு முடிந்தது.

அதே வருஷம் சாயல்குடிப் பக்கத்துப் பையன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அதுவும் உண்மைதான், யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 40 நாள் ஒரு வார்த்தை தகவல் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. அவனுக்கு 28 நாள் காவல் தண்டனை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. லீவு முடியும் தேதிக்கு முன்பே தகவல் போக வேண்டும். கம்பெனி ஹவில்தாருக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள், தப்பில்லை; ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். போன் தொலையும், ஹவில்தார் மாறிப் போவார். யூனிட் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி ரசீதை வையுங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, தபால் ஆபீசில் அதைத் தேடி நிற்க வேண்டாம். கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: எண், பெயர், என்ன நடந்தது, எத்தனை நாள் கூடுதலாக வேண்டும். பாட்டுக் கட்ட வேண்டாம்.

உங்களுக்கே உடம்பு சரியில்லை என்றால் தெருமுனை கிளினிக் சர்டிபிகேட்டை நம்பி உட்காராதீர்கள். அதை யூனிட்டில் யாரும் மதிப்பதில்லை. எப்படி வாங்கப்படும் என்று அவர்களுக்கும் தெரியும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தாலுகா அரசு ஆஸ்பத்திரியிலோ காட்டி, உள்நோயாளிச் சீட்டு, டிஸ்சார்ஜ் குறிப்பு எல்லாவற்றையும் வாங்குங்கள். பயணம் செய்யும் நிலை வந்ததும் ராணுவ ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லுங்கள்.

புயலுக்குக் கூண்டு ஏற்றி ரயில் நின்றுபோனால், ரத்தான டிக்கெட்டை வையுங்கள். செய்தித்தாளையும் வையுங்கள். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை பாம்பன் பாலத்தில் ரயிலே ஓடாதபோது, ‘ராமேஸ்வரத்திலிருந்து ஏன் ரயில் ஏறவில்லை’ என்று ஒரு பையனைக் கேட்டார்களாம். வடக்கே இருக்கும் ஆபீசருக்கு நம் பாலம் பற்றி எப்படித் தெரியும்? காகிதம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. இப்படிப்பட்ட வழக்கு கோர்ட் மார்ஷல் வரை போய், உங்கள் காரணத்துக்கு ஓர் அரசு அதிகாரியைச் சாட்சியாகச் சுட்டினால், நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். 143ஆவது பிரிவு. அரசு ஆஸ்பத்திரி டாக்டர், தாசில்தார், மீன்வளத்துறை அதிகாரி, யாராக இருந்தாலும் சரி. அதனால் ஊரில் நீங்கள் பார்த்த அதிகாரியின் பதவியையும் பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள்.

முப்பது நாள் தாண்டினால்

முப்பது நாள் ஆனதும் யூனிட்டில் ஒரு விசாரணைக் குழு கூடும். போதுமான காரணமில்லாமல் வராமல் இருக்கிறார் என்று பதிவு செய்யும். அதன் பிறகும் நீங்கள் வராவிட்டால் ஓடிப்போனவர் என்று கணக்கு. நம் காவல் நிலையத்துக்குத் தகவல் வரும், போலீஸ் வாரண்ட் இல்லாமலேயே பிடிக்கலாம். வீட்டுக்கு வருகிற போலீஸ்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவருக்கு வந்த காகிதத்துக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பையன் இருக்கும் இடம் தெரியாது என்று பொய் சொல்வது மட்டும் வேண்டாம்.

லீவைத் தாண்டுவதற்கு அதிகபட்சம் மூன்று வருஷச் சிறை. ஓடிப்போவதற்கு அமைதிக் காலத்தில் ஏழு வருஷம் வரை. போர்ப் பணியில் இருக்கும்போது என்றால் மரண தண்டனைக்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எண்ணம். திரும்பி வரும் எண்ணம் இருந்ததா, இல்லையா? யூனிபாரம், அடையாள அட்டை வீட்டில் பத்திரமாக இருந்தது, நடுவில் இரண்டு கடிதம் போட்டான், தானாகவே வந்து நின்றான் என்றால் ஒரு கதை. பாஸ்போர்ட் எடுத்துத் துபாய்க்குப் போய் இரண்டு வருஷம் வேலை பார்த்தான் என்றால் வேறு கதை. இந்தக் கரையில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் ‘பட்டாளத்தில் மறந்துபோவார்கள்’ என்பான். மறக்க மாட்டார்கள். சாதாரணக் குற்றங்களுக்குக் கோர்ட் மார்ஷல் வைக்க மூன்று வருஷக் கெடு உண்டு. ஓடிப்போன குற்றத்துக்கு அந்தக் கெடு கிடையாது.

எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சரி, தானாகப் போய் நிற்பதுதான் வழி. சொந்த யூனிட் எங்கோ காஷ்மீரில் இருந்தால் ரெஜிமென்ட் சென்டருக்குப் போகலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிடிபட்டு வந்தீர்களா, சரணடைய வந்தீர்களா என்று பின்னால் கேட்கும்போது அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும்.

சிஓ முன்னால் நிறுத்தும்போது

‘மார்ச் அப்’ என்பார்கள். தொப்பியும் பெல்ட்டும் கழற்றி, இரண்டு பக்கமும் ஆள் நிற்க, சுபேதார் மேஜர் கத்த, உள்ளே போனதும் புதுப் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிஷத்தில் உங்களுக்கு இருக்கும் உரிமையை விதி 22 சொல்கிறது: குற்றச்சாட்டு உங்கள் முன்னிலையில் கேட்கப்பட வேண்டும், எதிரான சாட்சிகளை நீங்கள் கேள்வி கேட்கலாம், உங்கள் தரப்புச் சாட்சியைக் கூப்பிடலாம், நீங்களும் சொல்லலாம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த ஒரு யூனிட்டில், விசாரணை நடக்கும் முன்பே ‘குற்றம்சாட்டப்பட்டவர் சாட்சிகளைக் கேள்வி கேட்க மறுத்தார்’ என்று படிவம் தயாராகிவிடும். டைப் செய்தவன் நான்தான். அப்போது அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, வேலை சுலபமாகிறது என்று மட்டும் நினைத்தேன். அதனால்தான் இப்போது சொல்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். மறுக்கவில்லை என்றால் ‘மறுக்கவில்லை, கேட்க விரும்புகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ‘சாப், ஒரு கேள்வி கேட்கலாமா’ என்று கேட்டதற்காக யாரையும் தூக்கில் போட்டதில்லை.

சிஓ தானே தண்டனை தந்து முடித்தால் ஜவானுக்கு 28 நாள் வரை ராணுவக் காவல், 14 நாள் சம்பளம் வரை அபராதம், கண்டனம் போன்றவை வரலாம். இதில் வக்கீல் கிடையாது. குவார்ட்டர் கார்டில், அதாவது யூனிட் காவல் அறையில், அடைத்தால், 48 மணி நேரத்துக்குள் குற்றச்சாட்டை விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்பது பொது விதி. எட்டு நாள் தாண்டியும் கோர்ட் மார்ஷல் கூடவில்லை என்றால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். வீட்டார் இதைக் கேட்டு எழுதலாம்.

கோர்ட் ஆஃப் என்கொயரி வந்தால்

பணம் காணோம், சரக்கு குறைந்தது, விபத்து, தோட்டா கணக்கில் இல்லை என்றால் முதலில் வருவது இது. இது கோர்ட் இல்லை, விசாரணைதான். ஆனால் உங்கள் நல்ல பெயர் அல்லது ராணுவ மதிப்பு பாதிக்கப்படும் நிலை வந்தால், விதி 180 உங்களை முழு விசாரணையிலும் உட்கார வைக்கச் சொல்கிறது. சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், உங்கள் சாட்சிகளைக் கொண்டுவரலாம். ஒரு நாள் மட்டும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கிவிட்டு அனுப்பினால், ‘விதி 180படி முழுவதும் இருக்க விரும்புகிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததை ஏற்காவிட்டால், பின்னால் தீர்ப்பாயத்தில் அந்த வரி உங்களுக்குப் பெரிய பலம்.

அந்த விசாரணையில் நீங்கள் சொன்னதைக் கோர்ட் மார்ஷலில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகக் காட்ட முடியாது என்று விதி 182 சொல்கிறது. பொய்ச் சாட்சி சொன்ன வழக்கு மட்டும் விலக்கு. அதனால் பயந்து உளறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

‘ஒப்புக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்’

இந்த வார்த்தையைக் கேட்டு வேலை இழந்தவர்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையும். சொல்கிறவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் பரிதாபப்பட்டுத்தான் சொல்வார்.

சிஓ முன்னால் முடியாத வழக்கில் அடுத்தது சம்மரி ஆஃப் எவிடன்ஸ், விதி 23. சாட்சிகள் சொல்வதை எழுத்தில் எடுப்பார்கள். நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம். கடைசியில் உங்களிடம், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் எழுதப்படும், சாட்சியமாகவும் ஆகலாம் என்று எச்சரிப்பார்கள். அந்த எச்சரிக்கை சும்மா சடங்கு இல்லை. பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு ‘ஹாஞ்ஜி சாப்’ என்று தலையாட்டாதீர்கள். தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

ஜவான்களுக்கு அதிகம் வருவது சம்மரி கோர்ட் மார்ஷல். நீதிபதியும் சிஓதான். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவே. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வருஷம் வரை சிறையும், வேலைநீக்கமும் தரலாம். மேலிட ஒப்புதல் தேவையில்லை, உடனே அமல். அதனால்தான் இதை அவசரத்துக்கு மட்டுமே, விதிவிலக்காகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் சொன்னது. நடைமுறையில் அந்த வார்த்தை எல்லா யூனிட்டையும் எட்டிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

விசாரணைக்கு முன் குற்றச்சாட்டைச் சொல்லி 96 மணி நேரம் தர வேண்டும். போர்ப் பணியில் 24 மணி நேரம். இது விதி 34. அந்த நான்கு நாளில் யாரோடு பேசலாம்? சாட்சிகளோடு, நண்பரோடு, வக்கீலோடு தாராளமாகப் பேசலாம். விசாரணையன்று உதவிக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளலாம், அவர் வக்கீலாகவும் இருக்கலாம். ஆனால் சம்மரி கோர்ட் மார்ஷலில் அவர் எழுந்து வாதாட முடியாது. உங்கள் காதில் கேள்வியைச் சொல்வார், நீங்கள் கேட்க வேண்டும். பல ஆபீசர்கள் சேர்ந்து விசாரிக்கும் ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் என்றால் உங்களுக்காக வாதாட ஒரு டிஃபென்டிங் ஆபீசர் செலவில்லாமல் கிடைப்பார். சொந்தச் செலவில் வக்கீலும் வைக்கலாம். சார்ஜ் ஷீட், சாட்சியத் தொகுப்பு நகல் இலவசம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று கோர்ட் உங்களுக்கு விளக்க வேண்டும், விளக்கியதைப் பதிவு செய்யவும் வேண்டும். விதி 115. ஒப்புக்கொள்ளும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதில் டிஸ்மிஸ் வர வாய்ப்பு உண்டா?’ உண்டு என்றால், பென்ஷனும் போகும் என்று அர்த்தம். டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு. ஊரில் இரண்டையும் ‘பட்டாளத்திலிருந்து அனுப்பிட்டாங்க’ என்று ஒரே வாயில் சொல்கிறோம். பதினைந்து வருஷம் முடித்து டிஸ்சார்ஜ் ஆனவனுக்குப் பென்ஷன் வரும். டிஸ்மிஸ் ஆனவனுக்குப் பொதுவாக வராது.

உங்கள் மேல் கோபம் இருக்கும் ஆபீசரே உங்கள் வழக்கைக் கேட்டால்? சிக்னல் படைப்பிரிவு ரஞ்சித் தாக்கூர் கதை தெரிந்து வைத்திருப்பது நல்லது. மேலதிகாரியைப் பற்றி, இடையில் இருப்பவர்களைத் தாண்டி மேலே புகார் எழுதினார் என்பதற்கு 28 நாள் தண்டனை. அதை அனுபவிக்கும்போது சாப்பிடச் சொன்னார்கள், மறுத்தார். அதற்கு ஒரு சம்மரி கோர்ட் மார்ஷல். முன்பு தண்டித்த அதே ஆபீசர் அதிலும் இருந்தார். ஒரு வருஷம் கடுங்காவல், வேலைநீக்கம். 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. பாரபட்சம் என்றது, சாப்பிட மறுத்ததற்கு இவ்வளவு தண்டனை மனச்சாட்சியை உறுத்துகிறது என்ற பொருளில் எழுதியது. ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். புகாரை வழி மாறாமல் அனுப்புங்கள்: உடனடி மேலதிகாரி, அவர் மேலேயே புகார் என்றால் அவருக்கு அடுத்தவர். 26ஆவது பிரிவு அதற்குத்தான். வீடியோ எடுத்துப் போடுவது இரண்டு நாள் லைக் வாங்கித் தரும். மூன்றாம் நாள் தனிக் குற்றச்சாட்டாகும்.

நான்கு சிவப்பு மை

கண்டக்ட் ஷீட்டில், அதாவது நடத்தைப் பதிவேட்டில், பெரிய தண்டனைகள் சிவப்பு மையில் ஏறும். நான்கு ஏறினால் ‘இவன் தேற மாட்டான்’ என்று டிஸ்சார்ஜ் நோட்டீஸ் வரும். இது கோர்ட் மார்ஷல் அல்ல, நிர்வாக நடவடிக்கை. விதி 13.

நான்கு வந்தாலே வேலை போச்சு என்று யூனிட்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில், நான்கு பதிவு இருந்தாலே தானாக அனுப்பிவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1988 டிசம்பர் 28ஆம் தேதி ராணுவத் தலைமையக உத்தரவுப்படி முதலில் ஒரு விசாரணை வேண்டும். எத்தனை வருஷப் பணி, எவ்வளவு கடினமான இடங்களில் இருந்தான், பென்ஷனுக்கு எவ்வளவு பக்கம் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

இதைக் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 2019இல் சத்குர் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் டிஸ்சார்ஜைச் சரி என்றது. பல தடவை லீவு தாண்டியவர். நோட்டீசுக்குக் கொடுத்த பதிலில் ஒவ்வொரு தடவையும் ஏன் வரவில்லை என்று தெளிவாகச் சொல்லவில்லை. பொதுவாகக் குடும்பப் பிரச்சினை என்று எழுதினால் அது பதிலாகாது.

அதனால் நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது நான்கு பதிவையும் தனித்தனியாக எடுங்கள். முதலாவது, இந்த மாதம், இவ்வளவு நாள், காரணம் இது, ஆதாரம் இது. இரண்டாவது, அப்படியே. நான் எழுதித் தந்த பதில்களில் சியாச்சினில் எத்தனை மாதம், கிழக்கு எல்லையில் எத்தனை மாதம் என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். பதிலுக்குக் கொடுத்த நாள் போதவில்லை என்றால், கெடு முடியும் முன் எழுதி அவகாசம் கேளுங்கள். நோட்டீசோடு ஆவணங்கள் தரவில்லை என்றால் அதையும் கேளுங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பதில் தர 30 நாள்.

யூனிட்டுக்கு வெளியே

வெளியே போகும் முன் உள்ளே இருக்கும் முறையீட்டு வழிகளை முடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் கேட்கும். கோர்ட் மார்ஷல் தண்டனை என்றால் 164ஆவது பிரிவு மனு, மற்றவற்றுக்குச் சட்டப்படியான புகார் மனு. ஆறு மாதம் பதில் வராவிட்டால் அந்த வழி முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். பணி தொடர்பான விஷயங்களில், இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோக முடியாது. இடமாற்றம், லீவு தரவில்லை என்ற புகார், டிஸ்மிஸோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ இல்லாத சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டனை ஆகியவை தீர்ப்பாயத்தின் எல்லைக்கு வெளியே. ‘என் மகனை அசாமுக்கு மாத்திட்டாங்க, கேஸ் போடணும்’ என்று வருகிற அம்மாக்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் எனக்குக் கஷ்டம். தீர்ப்பாயத்தின் உத்தரவே தவறு என்று தோன்றினால், உயர் நீதிமன்றம் அதை ரிட் மனுவில் பார்க்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உறுதி செய்திருக்கிறது.

ஊரில் உதவி கேட்க மூன்று இடம். ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரைப் பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பணியில் இருப்பவர் குடும்பமும் போகலாம். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்று வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைக்க ஏற்பாடு செய்தது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் கவுண்டரில் இருப்பவருக்கு நினைவு வராமல் போகலாம்.

நடுவில் ஒன்று. பையன் எல்லையில் இருக்கும்போது ஊரில் பங்காளி நிலத்துக்கு வழக்குப் போட்டுவிடுவது நம் பக்கம் புதிதல்ல. 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. பையன் சிறப்புச் சூழலில் பணியில் இருக்கிறான் என்று சிஓ சான்று தந்தால், சிவில் வழக்கைத் தள்ளிவைக்கக் கோரலாம். நூறு வருஷப் பழைய சட்டம், இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உள்ளூர் வக்கீல்கள் பலர் கேள்விப்பட்டதில்லை.

வக்கீல் பிடிக்கும்போது ஒரே பரீட்சை வையுங்கள். ‘ஐயா, சம்மரி கோர்ட் மார்ஷலில் நீங்கள் குறுக்கு விசாரணை செய்வீர்களா?’ என்று கேளுங்கள். ‘கிழித்துவிடுவேன்’ என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சென்னையில் இந்த வேலை மட்டுமே செய்யும் ஓய்வு பெற்ற ஜாக் பிரிவு (ராணுவச் சட்டப் பிரிவு) ஆபீசர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கொஞ்சம் கூடத்தான் ஆகும், ஆனால் அவர்களுக்கு விதிப் புத்தகம் மனப்பாடம்.

போகும்போது எல்லாக் காகிதமும் இரண்டு ஜெராக்ஸ், தேதி வரிசையில். அசல் வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும். வக்காலத்தில் பையன் கையெழுத்து வேண்டும். அவன் யூனிட்டில் இருந்தால் தபாலில் போய் வரப் பத்து நாளாவது ஆகும், ஆறு மாதக் கணக்கில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

என் திண்ணைக்கு வருகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் நல்லது. அதுவரை வெயில். கடிதம் வந்த உறையையும் கொண்டுவாருங்கள், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் தபாலில் வந்தது என்பதற்கு அந்தத் தபால் முத்திரைதான் சாட்சி.